ஐ5 என்றால் எந்த ஐ5? லெப்டொப் வாங்குமுன் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கோ கெம்பஸ் கிடைத்த பிள்ளைக்கோ லெப்டொப் வாங்கச் சீட்டு எடுத்து வைத்திருக்கிறீர்களா? கடைக்கு இறங்குமுன் இந்தப் பட்டியலை ஒரு தரம் வாசித்துவிடுங்கள். தோட்டத்து நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாயானது, 2024இல் 1350 ரூபாயானது. அந்த 1350 ரூபாய்க் கணக்கில் ஒரு லட்சம் ரூபாய் லெப்டொப்புக்கு 74 பேருக்கு, அதாவது 74 நாள் வேலைக்கு, மேல் போட வேண்டும், பிடிப்பனவு ஒன்றையும் கழிக்காமலே. இவ்வளவு உழைப்பைக் கொடுத்து வாங்கும் பொருளைப் பற்றிக் கடையில் காதில் விழுவது பெரும்பாலும் ஒரே சொல்தான்: "ஐ5", இல்லாவிட்டால் "ஐ7".

அந்தச் சொல் போதாது. ஐ7 என்ற பெயரை இன்டெல் 2008இல் தொடங்கியது. அதன்பின் பதினான்கு தலைமுறைகள் அதே பெயரில் வந்துவிட்டன. 2011இல் வந்த ஐ7உம் 2022இல் வந்த ஐ7உம் ஒரே கண்ணாடி அலுமாரிக்குள் ஒரே பெயரோடு நிற்கும். பக்கத்திலேயே அதைவிட நல்ல ஐ5 இருக்க, பத்து வருடப் பழைய ஐ7ஐக் கூடுதல் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறியவர்களைக் கண்டிருக்கிறேன். கொஞ்ச நாளில் பிள்ளை சொல்லும்: சூம் வகுப்பு ஓடும்போது வேறொன்றையும் திறக்க முடியவில்லை என்று.

ஒரு புரொசெசரைப் பற்றி இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: அது எந்த வருடத்து வடிவமைப்பு, அந்த வடிவமைப்பில் எந்தத் தரம். சாண்டி பிரிட்ஜ், ஹாஸ்வெல், கேபி லேக், டைகர் லேக் என்று கம்பனிக்குள் வைக்கும் கோட்நேம் முதலாவதைச் சொல்கிறது. ஐ3, ஐ5, ஐ7 இரண்டாவதைச் சொல்கின்றன. தொழிற்சாலையில் ஒரே நாள் கொழுந்தைச் சலித்து பிஓபி, பிஓபிஎஃப், டஸ்ட் என்று பிரிப்பதுபோல, ஒரே வடிவமைப்பில் வந்த சிப்புகளைச் சோதித்து, முழுவதும் நன்றாக ஓடுவதை ஐ7 என்றும் ஒரு பகுதியை மூடியதை ஐ5, ஐ3 என்றும் பல சமயம் விற்கிறார்கள். ஆகவே ஐ5ஐயும் ஐ7ஐயும் ஒரே கோட்நேமுக்குள் வைத்துத்தான் ஒப்பிடலாம். வருடம் மாறினால் அந்த ஒப்பீடு செல்லாது.

செய்ய வேண்டியவை

முழு எண்ணையும் கேளுங்கள், கடைசி எழுத்தோடு. "ஐ5, எட்டாவது ஜெனரேஷன்" என்பது பாதிப் பதில். "ஐ5-8250யூ" என்பதுதான் முழுப் பதில். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போனாலும், ஹட்டன் டவுனில் வாங்கினாலும், இணைய விளம்பரம் பார்த்து ஃபோன் எடுத்தாலும் முதலில் இதைச் சொல்லுங்கள்: "அண்ணே, புரொசெசர் நம்பர் முழுசா தெரியிற மாதிரி ஒரு போட்டோ வாட்ஸ்அப்ல அனுப்புங்க." அனுப்பத் தயங்குகிறவருக்கு முற்பணம் போடாதீர்கள். பொகவந்தலாவையிலிருந்தோ அக்கரப்பத்தனையிலிருந்தோ கொழும்புக்குப் போய்த் திரும்பினால் அன்றைய பேர் போய்விடும். அதை ஒரு போட்டோ மிச்சம் பிடித்துத் தரும்.

தலைமுறையை எண்ணிலிருந்து நீங்களே படியுங்கள். சிறு கோட்டுக்குப் பின்னால் நான்கு இலக்கம் இருந்து, முதல் இலக்கம் 2 முதல் 9 வரை என்றால் அதுவே தலைமுறை. 6300யூ என்றால் 6, 8250யூ என்றால் 8. ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்: 10210யூ என்றால் 10. நான்கு இலக்கமே இருந்து 1இல் தொடங்கினாலும் முதல் இரண்டும்தான்: 1035ஜி1 என்றால் 10, 1135ஜி7 என்றால் 11, 1235யூ என்றால் 12. ஐ5-520எம் போல மூன்றே இலக்கம் என்றால் அது முதலாம் தலைமுறை, 2010 காலத்துப் பொருள். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

இந்த வரிசையை இப்போதே ஃபோனில் படம் பிடித்து வையுங்கள். இன்டெல் லெப்டொப் புரொசெசர்கள் சந்தைக்கு வந்த ஒழுங்கு இது.

2ஆம் தலைமுறை, சாண்டி பிரிட்ஜ், 2011
3ஆம் தலைமுறை, ஐவி பிரிட்ஜ், 2012
4ஆம் தலைமுறை, ஹாஸ்வெல், 2013
5ஆம் தலைமுறை, புரோட்வெல், 2015
6ஆம் தலைமுறை, ஸ்கைலேக், 2015
7ஆம் தலைமுறை, கேபி லேக், 2016
8ஆம் தலைமுறை, கேபி லேக் ஆர், 2017. விஸ்கி லேக், 2018
10ஆம் தலைமுறை, ஐஸ் லேக், கொமெட் லேக், 2019
11ஆம் தலைமுறை, டைகர் லேக், 2020
12ஆம் தலைமுறை, ஓல்டர் லேக், 2022
13ஆம் தலைமுறை, ரெப்டர் லேக், 2023

9ஐ விட்டது தவறுதலாக இல்லை. யூ என்று முடியும் மெல்லிய லெப்டொப் வகையில் 9ஆம் தலைமுறையே வரவில்லை. யாராவது மெல்லிய அலுவலக லெப்டொப் ஒன்றை "ஒன்பதாவது ஜெனரேஷன்" என்று சொன்னால் முழு எண்ணையும் காட்டச் சொல்லுங்கள்.

கோட்நேமைத் தேடி உறுதிப்படுத்துங்கள். இன்டெல்லின் ஆர்க் என்ற இணையப் பக்கத்தில் எண்ணைப் போட்டால் கோட்நேம், வெளிவந்த வருடம், கோர் எண்ணிக்கை எல்லாம் வரும். லெப்டொப் கையில் இருந்தால் சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளை ஒரு பென் டிரைவில் கொண்டுபோங்கள். அதன் முதல் பக்கத்திலேயே கோட்நேம் என்று ஒரு வரி இருக்கிறது. இரண்டு நிமிட வேலை.

8ஆம் தலைமுறையை வாசற்படியாக வையுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். இதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது விண்டோஸ். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஓடும், ஒரு சில விதிவிலக்குகளைத் தவிர. கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டால் வெளிநாட்டு அலுவலகங்கள் 6ஆம், 7ஆம் தலைமுறை லெப்டொப்களைக் கழிக்கின்றன. அவை மலிவாகக் கடைக்கு வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது கோர், அதாவது புரொசெசருக்குள் வேலை செய்யும் தனித்தனி அலகு. யூ வகையில் 7ஆம் தலைமுறை வரை ஐ7ஆக இருந்தாலும் உள்ளே இரண்டு கோர்தான். 2017 ஓகஸ்டில் கேபி லேக் ஆர் வந்தபோது அதே 15 வொட் மின்சாரத்தில் ஐ5க்கும் ஐ7க்கும் நான்கு கோர் கிடைத்தது. பெயரில் ஓர் எழுத்துத்தான் கூடியது, உள்ளே இருந்த கோர்கள் இரட்டித்தன. ஐ5-7200யூவுக்கும் ஐ5-8250யூவுக்கும் இடையில் இருப்பது ஒரு வருடம்தான். ஆனால் சூம், பவர்பொயின்ட், பத்துப் பிரவுசர் பக்கம் மூன்றையும் ஒன்றாகத் திறந்து பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

கோர் எண்ணிக்கையைக் கடையிலேயே கண்ணால் பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். பெர்ஃபோமன்ஸ் பகுதியில் சிபியூவைத் தொட்டால் மேலே முழுப் பெயரும் கீழே கோர் எண்ணிக்கையும் வரும்.

பிறகு லெப்டொப்பை அணைத்துப் போட்டு, விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போங்கள். விண்டோஸ் காட்டும் பெயரை மாற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பயாஸ் காட்டும் பெயரை மாற்றுவது சுலபமில்லை. இயக்கிய உடனே தட்ட வேண்டிய பொத்தான் லெனோவோ திங்க்பேட் என்றால் எஃப்1, டெல் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10. அங்கே பாஸ்வேர்ட் கேட்டு, கடைக்காரருக்கும் அது தெரியாது என்றால் அந்த லெப்டொப்பை வைத்துவிட்டு வெளியே வாருங்கள். பின்னால் ஒரு சின்னத் திருத்தம் செய்யவும் உங்களால் முடியாது.

ரைசன் என்றால் மூன்றாம் இலக்கத்தைப் படியுங்கள். ஏஎம்டியின் 7000 வரிசையில் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ. எண்ணில் பத்துத்தான் வித்தியாசம், பெட்டியில் இரண்டும் "ரைசன் 5, 7000 சீரிஸ்". ஆனால் 7520யூவின் கோட்நேம் மெண்டொசினோ: நான்கு கோர், 2019இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு. 7530யூவின் கோட்நேம் பார்செலோ ஆர்: ஆறு கோர், அடுத்த வடிவமைப்பான ஜென் 3. மூன்றாம் இலக்கம் 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3 அல்லது அதன் சிறு திருத்தம், 4 என்றால் ஜென் 4. ஏஎம்டி தானே வெளியிட்ட விளக்கம் இது, ஆனால் பெட்டியின் மேல் அதை யாரும் அச்சடிப்பதில்லை. மெண்டொசினோவில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது ஏற்கும் ரேம் வகை பொதுவாகப் போர்டிலேயே ஒட்டி வருகிறது. 8 ஜிபி என்று வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான்.

5000 வரிசையிலும் இதே கலப்பு இருக்கிறது. 5500யூவும் 5700யூவும் லூசியென், அதாவது ஜென் 2. 5600யூவும் 5800யூவும் செசான், அதாவது ஜென் 3. 5500யூ மோசமான பொருள் இல்லை, ஆறு கோர் இருக்கிறது, படிப்புக்குத் தாராளம். 5600யூவின் விலையை அதற்குக் கொடுக்காமல் இருந்தால் போதும்.

கடைசி எழுத்தை உங்கள் வீட்டோடு பொருத்திப் பாருங்கள். யூ என்றால் பொதுவாக 15 வொட், எச் என்றால் 45 வொட். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும் லயத்து வீட்டில் பற்றரியில் படிக்க வேண்டிய பிள்ளைக்கு யூதான் பொருத்தம். எச் லெப்டொப்பின் வேகம் உண்மை, ஆனால் அது பாரம், சூடு, பற்றரியும் சீக்கிரம் இறங்கும். வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைதல் என்று ஒரு தேவை நிச்சயமாக இருந்தால் மட்டும் எச் எடுங்கள். எந்த எழுத்தாக இருந்தாலும் இடி முழங்கும் பின்னேரங்களில் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.

பில்லில் புரொசெசர் எண்ணை எழுதச் சொல்லுங்கள். "பாவித்த லெப்டொப் 1" என்று எழுதிய பில்லை வைத்துக்கொண்டு பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது. மொடல், புரொசெசர் முழு எண், ரேம், எஸ்எஸ்டி அளவு, வொரண்டி நாள் ஐந்தும் பில்லில் வேண்டும். எழுதியது ஒன்று, கொடுத்தது இன்னொன்று என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். அப்போது அந்தப் பில்தான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி.

செய்யக்கூடாதவை

ஸ்டிக்கரைப் பார்த்துக் காசு எண்ணாதீர்கள். கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஐ7 ஸ்டிக்கர் தனியாகவும் வாங்கக் கிடைக்கிற காகிதம். எந்த லெப்டொப்பிலும் ஒட்டலாம்.

ஐ7 என்பதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஐ7-7500யூவில் இரண்டு கோர், ஐ5-8250யூவில் நான்கு. இங்கே ஐ5தான் மேல். ஒரே வருடத்துக்குள்ளேயும் வித்தியாசம் சில சமயம் மிகச் சிறிது. ஓல்டர் லேக்கில் ஐ5-1235யூவுக்கும் ஐ7-1255யூவுக்கும் அதே பத்துக் கோர்: இரண்டு பெரியவை, எட்டுச் சின்னவை. கேஷ் நினைவகமும் ஒரே அளவு. ஐ7 உச்ச வேகத்தில் கொஞ்சமும் கிராபிக்ஸில் கொஞ்சமும் கூட, அவ்வளவுதான். அந்த விலை வித்தியாசத்தை ரேமை 16 ஜிபி ஆக்கப் போடுங்கள். பிள்ளைக்கு அதனால் கிடைக்கும் பலன் கூட.

"எட்டாவது ஜெனரேஷன்" என்றதும் தேடலை நிறுத்திவிடாதீர்கள். 8ஆம் தலைமுறை என்ற ஒரே கூரையின் கீழ் இன்டெல் கேபி லேக் ஆர், கொஃபி லேக், விஸ்கி லேக், அம்பர் லேக், கெனன் லேக் என்று பல குடும்பங்களைக் குடியேற்றியது. ஐ5-8250யூவும் ஐ5-8265யூவும் நான்கு கோர், இரண்டையும் நம்பி வாங்கலாம். ஐ3-8130யூவும் ஐ3-8145யூவும் இரண்டு கோர். ஐ5-8200வை, ஐ7-8500வை போல வை என்று முடிகிறவை அம்பர் லேக். விசிறிகூட இல்லாத மெல்லிய லெப்டொப்களுக்காகச் செய்த இரண்டு கோர் சிப். அந்த ஐ7-8500வை பேருக்கு எட்டாம் தலைமுறை ஐ7. வேலை என்று வந்தால் ஐ5-8250யூவுக்கு நிகராகாது.

லெப்டொப்பின் மொடல் பெயரை வைத்துப் புரொசெசரை ஊகிக்காதீர்கள். எச்பி எலைட்புக் 840 ஜி5, டெல் லெட்டிடியூட் 5490 இரண்டும் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோடு வந்தன. ஆனால் அதே மொடல்களில் ஐ5-7300யூ போட்டும் விற்றார்கள். வெளியே பார்த்தால் அதே மூடி, அதே கீபோர்ட். உள்ளே இரண்டு கோர், விண்டோஸ் 11 பட்டியலிலும் இல்லை.

புத்தம் புதுசு என்பதால் செலரோன் என்4020ஐ எடுக்காதீர்கள். பெட்டி உடைக்காத லெப்டொப்பின் மேல் ஆசை இருப்பது நியாயம்தான். முழு வொரண்டி இருக்கிறது, பற்றரி புதுசு, வீட்டுக்கு வந்த முதல் கணினி. ஆனால் என்4020 என்பது ஜெமினி லேக் குடும்பத்தின் இரண்டு கோர் சிப். அதை 4 ஜிபி ரேமோடும் 64 ஜிபி சேமிப்போடும் விற்பார்கள். விண்டோஸ் அப்டேட் ஒன்று இறங்கினாலே திணறும். அதே காசுக்கு 8ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள பாவித்த லெப்டொப் கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். ஏஎம்டியில் அத்லொன் சில்வர் 3050யூ, அதற்கு முந்தின ஏ4, ஏ6, ஏ9 வகைகளுக்கும் இதே எச்சரிக்கை.

கட்டாயம் புதுசுதான் வேண்டும், கையிலோ காசு குறைவு என்றால் என்100 உள்ளதைத் தேடுங்கள். 2023இல் வந்த ஓல்டர் லேக்-என் குடும்பம் அது: நான்கு கோர், எல்லாம் சின்னக் கோர்கள். எழுத்து வேலைக்கும் சூம் வகுப்புக்கும் போதும், கனமான வேலைக்குப் போதாது. என் என்ற எழுத்து எண்ணுக்கு முன்னால் வந்தால் சின்னக் கோர் என்று புரிந்துகொள்ளுங்கள். ஐ3-என்305 என்ற பெயரில் ஐ3 இருந்தாலும் அதுவும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

கிகாஹேர்ட்ஸை வைத்து இரண்டு தலைமுறைகளை ஒப்பிடாதீர்கள். 2011இன் ஐ5-2520எம்மில் 2.5 என்று எழுதியிருக்கும், 2017இன் ஐ5-8250யூவில் 1.6 என்று எழுதியிருக்கும். "இதுதான் ஸ்பீட் கூட" என்று பழையதைத் தள்ளிவிட இந்த எண் ஒன்றே போதும். 1.6 என்பது அடிப்படை வேகம். வேலை வந்தால் அது 3.4 வரை ஏறும், அதுவும் நான்கு கோரோடு. ஒவ்வொரு துடிப்பிலும் புதிய வடிவமைப்பு முடிக்கும் வேலையும் கூட.

ஐஸ் லேக்கா கொமெட் லேக்கா என்று மண்டையை உடைக்காதீர்கள். இரண்டும் 10ஆம் தலைமுறை. ஐ5-1035ஜி1, ஐ5-10210யூ இரண்டிலும் நான்கு கோர். முன்னது புதிய வடிவமைப்பு, பின்னது பழைய வடிவமைப்பில் கூடிய வேகம். படிப்புக்கு இரண்டும் ஒன்றே. பற்றரியும் திரையும் எதில் நல்லாயிருக்கிறதோ அதை எடுங்கள்.

"பிறகு புரொசெசரை மாத்திக்கலாம்" என்ற பேச்சை நம்பாதீர்கள். யூ வகைச் சிப்புகள் போர்டிலேயே பற்றாசு வைத்து ஒட்டியவை. ரேமும் எஸ்எஸ்டியும் பல லெப்டொப்களில் மாற்றலாம். புரொசெசர் வாங்கிய அன்று எதுவோ கடைசி வரை அதுதான்.

டெஸ்க்டொப்பில் சொக்கெட் பொருந்துகிறது என்பதற்காகச் சிப் வாங்காதீர்கள். 7ஆம் தலைமுறை கேபி லேக்குக்கும் 8ஆம் தலைமுறை கொஃபி லேக்குக்கும் சொக்கெட் ஒன்றே, எல்ஜிஏ 1151. ஆனால் 100, 200 வரிசைப் போர்டுகளில் 8ஆம் தலைமுறைச் சிப் இயங்காது. போட்டோகொப்பி, டைப்செட்டிங் செய்யும் கொமியூனிகேஷன் கடைகளில் பழைய டெல் ஒப்டிப்ளெக்ஸ் 3050 வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். அதில் 7ஆம் தலைமுறைக்கு மேல் போக முடியாது. 8ஆம் தலைமுறை வேண்டும் என்றால் 3060 வாங்க வேண்டும்.

எஃப் என்று முடியும் டெஸ்க்டொப் சிப்பைத் தனியாக வாங்காதீர்கள். ஐ3-12100எஃப், ஐ5-10400எஃப் போன்றவற்றில் கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாவிட்டால் திரையில் படமே வராது. கார்டின் விலையையும் கூட்டிப் பார்த்தபின் மலிவா என்று முடிவு செய்யுங்கள்.

13ஆம், 14ஆம் தலைமுறைப் பாவித்த டெஸ்க்டொப்பை பயாஸ் திகதி பார்க்காமல் எடுக்காதீர்கள். இந்த ரெப்டர் லேக் சிப்புகளில் 65 வொட்டும் அதற்கு மேலும் உள்ள சில, அளவுக்கு மிஞ்சிய வோல்டேஜால் காலப்போக்கில் பழுதாகின்றன என்று 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. திருத்தம் 2024 ஓகஸ்டிலிருந்து பயாஸ் அப்டேட்டாக வந்தது, வொரண்டியும் இரண்டு வருடம் நீட்டப்பட்டது. அதற்கு முந்திய பயாஸோடு நீண்ட காலம் ஓடிய சிப்பை அப்டேட் செய்தாலும், நடந்த சேதம் திரும்பாது.

புதிய பெயர்களின் பளபளப்பில் மயங்காதீர்கள். 2023 கடைசியில் இன்டெல் ஐ என்ற எழுத்தை எடுத்துவிட்டு கோர் அல்ட்ரா என்று தொடங்கியது. அதோடு அல்ட்ரா இல்லாத கோர் 5, கோர் 7 என்றும் வருகின்றன. கோர் அல்ட்ரா 5 125யூ மீட்டியோர் லேக், புதிய வடிவமைப்பு. கோர் 5 120யூ பழைய ரெப்டர் லேக்கின் மறுபதிப்பு. இரண்டும் படிப்புக்கு மிஞ்சியவை, ஆனால் விலை ஒன்றாக இருக்கக்கூடாது. எண் 226வி, 258வி என்று வி எழுத்தில் முடிந்தால் அது லூனார் லேக். அதில் ரேம் சிப்போடு சேர்ந்தே வருகிறது, பிறகு கூட்ட வழியில்லை. "ஏஐ லெப்டொப்" என்ற சொல்லுக்காகச் சீட்டுக் காசில் ஒரு சதமும் கூடுதலாகப் போடாதீர்கள். உயர்தரப் பாடத்துக்கோ கெம்பஸ் அசைன்மென்டுக்கோ அது தேவையில்லை.

"விண்டோஸ் 11 ஏத்தித் தர்றேன்" என்பதைக் கேட்டு 6ஆம், 7ஆம் தலைமுறைக்கு 8ஆம் தலைமுறை விலை கொடுக்காதீர்கள். சோதனையைத் தாண்டி ஏற்ற வழி இருக்கிறது, ஏற்றினால் ஓடவும் செய்யும். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசொஃப்ட் உறுதி தருவதில்லை. பரீட்சைக்கு முந்தின வாரம் அது நின்றுபோனால் ஏற்றித் தந்தவரைத் தேடிப் பிடிப்பது உங்கள் பாடு.

வீட்டில் ஏற்கனவே இருக்கும் பழைய லெப்டொப்பைத் தூக்கிப் போடாதீர்கள். 4ஆம் தலைமுறை ஹாஸ்வெல், 6ஆம் தலைமுறை ஸ்கைலேக் வைத்திருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுப் புதிதாகக் கடன் எடுக்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போடுங்கள், ரேமை 8 ஜிபி ஆக்குங்கள், லினக்ஸ் மின்ட் ஏற்றுங்கள். இலவசம், பாதுகாப்பு அப்டேட்டும் வரும், லிப்ரே ஒஃபிஸில் கட்டுரையும் கணக்குத் தாளும் செய்யலாம், தமிழிலும் தட்டெழுதலாம். சாதாரண தரம் படிக்கும் தங்கைக்கோ தம்பிக்கோ இன்னும் சில வருடம் தாராளமாக ஓடும். ஏற்றுமுன் பாடக் கோப்புகளையும் குடும்பப் படங்களையும் பென் டிரைவ் ஒன்றுக்கு மாற்றி, அவை திறக்கின்றனவா என்று வேறொரு கணினியில் போட்டுப் பார்த்துவிடுங்கள். டிஸ்க்கை அழித்தபின் அவற்றை மீட்பது கடினம்.